வெளியே சண்டிகர், உள்ளே பசை

சண்டிகர் நாற்காலி என்ற பெயரில் வீடு வீடாக வந்து இறங்கும் சாமானைப் பற்றி யாராவது வாய்விட்டுக் கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக்கு இரண்டு கட்டைகள் மேலே ஒன்றுகூடி, கீழே அகல விரிந்து கால்களாக நிற்கும். அவற்றின் தலையில் தட்டையான கைப்பிடி. உட்காரவும் சாயவும் பிரம்புப் பின்னல். ஜி.என்.டி. ரோட்டுக் காபிக் கடைகளில் இது கிடக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் கிரகப்பிரவேசத்துக்குப் போன வீடுகளின் கூடத்திலும் இதுதான். பொன்னேரியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு செட் வந்தது. மகன் செல்போனில் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினான். உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அந்தக் காலத்தில் வரைந்த வடிவம், அசல் தேக்கு, கைப்பின்னல் பிரம்பு என்று மூன்று வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். மூன்றில் எதுவும் முழுசாக உண்மையில்லை என்பது ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் ஒரு சுற்று வந்ததுமே தெரிந்துபோயிற்று.

மழையில் மூட்டுகள் ஊதின. வெயிலில் சுருங்கின. கால் ஆடத் தொடங்கியது. ஒரு நாள் சம்பந்தி அம்மாள் கைப்பிடியை ஊன்றி எழுந்திருக்கும்போது பின்கால் அப்படியே கழன்று வந்தது. விழுந்தவருக்கு இடுப்பு பிசகிவிட்டது. வீட்டுக்கு வந்த பெரியவரை நாற்காலி கொடுத்துத் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. விற்றவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில்: “உங்க ஊர்ல ஈரப்பதம் ஜாஸ்தி மேடம். அதனால வர்ற தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது.”

அதாவது குற்றம் பொன்னேரிக் காற்றின் மேல். பழவேற்காடு ஏரி இவ்வளவு பக்கத்தில் இருப்பது எங்கள் தப்பு. இந்தப் பதில்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

எங்கள் தெரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கழன்ற காலைக் கையில் எடுத்து, நுனியை விரலால் தடவிப் பார்த்தார்.

“டீச்சர், இதுல கூரே இல்லீங்க. ரெண்டு குச்சி, கொஞ்சம் பசை, ஒரு ஸ்க்ரூ. இத்தினி நாள் நின்னதே பெரிசு.”

“தேக்குதானே அண்ணே?”

“தேக்கு இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா வெள்ளைக் கட்டை. வைரம் எங்கியும் காணோம். சாயம் போட்டு மறைச்சிருக்காங்க.”

இந்தச் சில வரியில் விஷயம் முழுக்க இருக்கிறது. ஒரு நாற்காலியில் ஒருவர் சாயும்போது அந்தப் பாரமெல்லாம் பின்கால் உட்காரும் சட்டத்தோடு சேரும் இடத்துக்குத்தான் போகிறது. அங்கே ஒரு கட்டையின் நுனியைக் கூராகச் சீவி, மறு கட்டையில் உளியால் துளை எடுத்து, இறுக இறக்க வேண்டும். கூரின் நாலு பக்கமும் துளையின் நாலு பக்கத்தோடு ஒட்டி நிற்கும். பசை விட்டுப்போனாலும் மரம் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல் தடிமன் குச்சி இரண்டை வைத்துப் பசை ஊற்றினால் பிடிமானம் பசையோடு போயிற்று. மரத்தையும் ஒழுங்காகக் காய வைக்காமல் அறுத்திருந்தால் சொல்லவே வேண்டாம். மரச்சாமானுக்கு எடுக்கும் கட்டையில் ஈரம் 12 சதவீதத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பார்கள். அதற்குச் சூளையறை வேண்டும், அல்லது மாதக்கணக்கில் நிழலில் அடுக்கிவைக்கும் பொறுமை வேண்டும். இரண்டும் காசு. ஆகவே பச்சையாகவே அறுத்து, சாயம் பூசி, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்த பிறகு அது காய்வது எங்கள் வீட்டில். காயும்போது கட்டை சுருங்குகிறது, குச்சி தளர்கிறது.

தேக்கு விஷயமும் அப்படித்தான். தேக்கு கரையானுக்கும் ஈரத்துக்கும் அசையாது என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது அதன் நடுவயிரம். எண்ணெய்ப் பசை ஊறிக் கிடப்பது அங்கேதான். சுற்றியிருக்கும் வெளிறிய பாகத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. தோட்டத்தில் வளர்த்து, வயது வருவதற்குள் வெட்டும் மரத்தில் வயிரம் கொஞ்சம், வெள்ளை ஏராளம். அதை வாங்கிக் கருப்பழுப்புச் சாயம் கொடுத்துவிட்டால் படத்தில் எல்லாம் ஒன்றாகத் தெரியும். பொய் சொன்னார்கள் என்று வழக்குப் போடுவதும் கஷ்டம். அதுவும் தேக்கு மரத்திலிருந்து வந்ததுதானே.

பிரம்பும் ஏமாற்று. சட்டத்தைச் சுற்றித் துளை போட்டு, ஒவ்வொரு இழையாக மேலும் கீழும் குறுக்கிலும் இழுத்துக் கட்டுவதுதான் கைப்பின்னல். ஓர் இழை அறுந்தால் அதை மாற்றலாம். முழுக்கத் தளர்ந்தால் அவிழ்த்துவிட்டு அதே துளைகளில் மறுபடி பின்னலாம். சட்டம் இருக்கிறவரை நாற்காலிக்குச் சாவு கிடையாது. எங்களுக்கு வந்ததில் துளையே இல்லை. இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாளைக் கத்தரித்து, சட்டத்தில் காடி எடுத்து, அதற்குள் அழுத்திப் பசை வைத்திருக்கிறார்கள். ஒரு மூலை கிளம்பினால் முழுத்தாளும் குப்பைக்கு.

இவ்வளவையும் எந்த மனிதரின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் வயிற்றெரிச்சல் புரியும்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனபின் இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. நேருவின் ஆசையோடு சண்டிகரைக் கட்டத் தொடங்கினார்கள். 1951இல் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வந்தார். அவர் அவ்வப்போது வந்து போனவர். அங்கேயே வீடெடுத்துத் தங்கி, நகரத்தை நின்று கட்டியவர் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பியேர் ஜானரே. 1951இலிருந்து 1965 வரை சண்டிகர்தான் அவருக்கு ஊர். 1967இல் இறந்தபின் அவருடைய அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். அவ்வளவு ஒட்டுதல்.

புது நகரத்தில் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம், விடுதி என்று எழும்ப எழும்ப, உட்கார ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பணமில்லை. ஜானரேயும் கூட இருந்த இந்தியக் கட்டடக் கலைஞர்களும் சுற்றுவட்டாரத் தச்சர்களின் கையை மனத்தில் வைத்து வரைந்தார்கள். அந்தக் குழுவில் யூலி சௌத்ரி என்ற பெண்மணியும் இருந்தார். மரச்சாமான் வேலையில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு. விளம்பரங்களில் அவர் பெயரை நான் பார்த்ததேயில்லை. வடிவம் எளிதாக இருக்க வேண்டும், கையில் இருக்கும் கருவியால் செய்ய முடிய வேண்டும், கரையானுக்கும் மழைக்காலத்துக்கும் தாங்க வேண்டும், பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்ய வேண்டும். தேக்கும் பிரம்பும் அதனால் வந்தவை. விரிந்து நிற்கும் அந்தக் கால்களை இன்று அழகுக்காகப் படமெடுக்கிறார்கள். பாரத்தைத் தரைக்கு அகலமாக இறக்கவும், தடித்த கட்டையில் ஆழமாகக் கூர் இறக்க இடம் இருக்கவும்தான் அவை அப்படித் தடிமனாக, அப்படிச் சாய்வாக இருக்கின்றன. உள்ளே கூரில்லாத காலுக்கு அந்தத் தடிமன் எதற்கு?

நகலெடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இதைச் சொல்லாவிட்டால் என் ஆதங்கத்தைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அந்த நாற்காலி பிறந்ததே பலர் கையில் பல தடவை செய்யப்படுவதற்காக. ஒரே வரைபடத்தைப் பல பட்டறைகள் வாங்கிச் செய்தன. அதனால் பழைய நாற்காலிகளிலேயே ஒன்றுக்கொன்று அளவு வித்தியாசம் உண்டு, கால் தடிமன் வித்தியாசம் உண்டு. நல்ல மரத்தில், நல்ல கூரோடு பொன்னேரியில் ஒருவர் அதைச் செய்தால் அதுவும் அசலின் வம்சம்தான். இங்கே நகலெடுக்கப்படுவது புகைப்படம். புகைப்படத்தில் தெரியாத எதையும் அவர்கள் செய்யவில்லை.

அந்தப் பழைய நாற்காலிகள் என்ன பாடு பட்டன என்பதும் கேட்க வேண்டிய கதை. வருஷக்கணக்கில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து தேய்த்தார்கள். பிறகு இரும்பும் பிளாஸ்டிக்கும் வந்ததும் கழித்துப் போட்டார்கள். மொட்டை மாடியிலும் முற்றத்திலும் மழையிலும் வெயிலிலும் குவியலாகக் கிடந்தன. 1990களின் கடைசியிலிருந்து பிரெஞ்சு வியாபாரிகள் வந்து, அரசு ஏலங்களில் கழிவு விலைக்கு வாரிக்கொண்டு போனார்கள். பாரிஸிலும் நியூயார்க்கிலும் புதுப்பித்து விற்றார்கள். ஒரு ஜோடி பல லட்சம் ரூபாய். பலகையில் எந்த அலுவலகத்துச் சொத்து என்று குமாஸ்தா எழுதிவைத்த எழுத்தும் எண்ணும் அசல் என்பதற்கு அத்தாட்சியாகி விலையை ஏற்றின. இந்திய அரசு விழித்துக்கொண்டு 2011இல் இவற்றை விற்கவும் வெளியே அனுப்பவும் தடை சொன்னது. ஆனாலும் வெளிநாட்டு ஏலங்களை நிறுத்த முடியவில்லை. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயது ஆன பொருளைத்தான் காக்கிறது. நாற்காலிக்கு அந்த வயது ஆகவில்லை. என் மனம் இதில் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. மழையில் குவியலாகக் கிடந்த சாமானைத் தூக்கிக்கொண்டு போய், துடைத்துப் பிரம்பு மாற்றினால் மறுபடி உட்கார முடிந்தது. எங்கள் வீட்டுக் கூரைக்கு அடியில், மின்விசிறிக்குக் கீழே இருந்ததற்கு ஈரப்பதம் தாங்கவில்லையாம்.

ஈரப்பதத்தைப் பற்றி எங்களுக்கா பாடம்? பொன்னேரியிலிருந்து பேருந்தில் ஏறினால் பழவேற்காடு. 1610இல் டச்சுக்காரர்கள் அங்கே வணிகத்தளம் வைத்தார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இந்தச் சோழமண்டலக் கரைக்கே அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். அந்த நூற்றாண்டில் இந்தக் கரையின் தச்சர்கள் ஐரோப்பியர்கள் கேட்ட உருவத்தில் கருங்காலியில் நாற்காலி செய்தார்கள். முறுக்கிக் கடைந்த கால், பூவும் கொடியும் செதுக்கிய முதுகு, உட்காரப் பிரம்பு. அவை கப்பலேறின. கடலின் உப்பையும் ஈரத்தையும் மாதக்கணக்கில் தாங்கி ஐரோப்பாவின் குளிருக்குப் போய்ச் சேர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற இங்கிலாந்துப் பிரபு இப்படிப்பட்ட நாற்காலிகளை ட்யூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலை என்றே நம்பித் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வாங்கிச் சேர்த்தார். முன்னூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த நாற்காலிகள் அருங்காட்சியகங்களில் நான்கு காலில் நிற்கின்றன. செய்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. ஊரைக்கூட எடுத்துவிட்டு வேறு நாட்டுக்குச் சொந்தமாக்கியிருந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்த கூர் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதே கடல்காற்றில் செய்ததுதான் அது.

புதுச்சேரியைச் சொல்லாமலும் முடியாது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட 1937இல் வந்தவர் ஜார்ஜ் நாகாஷிமா. ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர், கட்டடக் கலை படித்தவர், டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆசிரமத்தில் சீடராகவே சேர்ந்து சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். விடுதி அறைகளுக்குத் தேக்கில் அவர் வரைந்தவை அவருடைய ஆரம்பகால மரச்சாமான்கள். கடற்கரை ஊர், அதே உப்புக்காற்று. உலகப் போரின்போது 1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சத்தவரை முகாமில் அடைத்தபோது இவரையும் ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமில் அடைத்தது. அங்கே ஜப்பானிய முறையில் பயின்ற ஹிக்கோகாவா என்ற தச்சரிடம் மரவேலை கற்றுக்கொண்டார். எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய கட்டடக் கலைஞர், கூர் எடுப்பதைத் தச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறார். பெரிய பெயர்களை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் அந்தப் பெயருக்குரியவர்கள் யாரிடம் கற்றார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்துத் தச்சர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? நிலைப்படிக்கு இரும்புச் சட்டம் வந்துவிட்டது, சன்னலுக்குப் பிளாஸ்டிக் சட்டம். கட்டில் அட்டைப்பெட்டியில் வருகிறது. மிச்சமிருப்பது மாடுலர் கிச்சன் ஒப்பந்ததாரருக்குப் பிளைவுட் அறுத்துக் கொடுப்பதும், மைக்கா ஒட்டுவதும், கீல் மாட்டுவதும். உளியை எடுக்க வேண்டிய வேலையே வருவதில்லை என்று எங்கள் ஆசாரி சொல்கிறார். அவர் மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்டுக்குப் போய்விட்டு வந்து தூங்கவே நேரம் சரியாக இருக்கிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்பா கையில் இருக்கும் வேலைக்கு மாதச் சம்பளம் கொடுக்க யாரும் முன்வரவில்லை, அவன் வேறு என்ன செய்வான்?

பேருந்தில் போகிற தூரத்தில் வேலை தெரிந்த கை சும்மா இருக்கிறது. நாமோ ஆயிரம் மைலுக்கு அப்பால் யாரோ அவசரமாக ஒட்டியதை, கூலிக்காரரின் பெயரும் தெரியாமல், ஐரோப்பியர் பெயருக்குக் காசு கொடுத்து வரவழைக்கிறோம். அதே விலையை ஆசாரியிடம் சொன்னால், “இவ்வளவா?” என்று பேரம் பேசுகிறோம். எங்கள் வீட்டிலும் அந்தப் பேரம் நடந்திருக்கிறது. படத்தில் இருப்பதற்கு யாரும் பேரம் பேசுவதில்லை.

சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. இணைய வணிகத்துக்கு 2020இல் வந்த விதிகளின்படி விற்பவர் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் எந்த நாட்டில் ஆனது என்றும் சொல்லியாக வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நான் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் நாற்காலி வாங்குகிறவருக்கு உண்மையில் தெரிய வேண்டியவை வேறு. மரத்தில் வயிரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு? கூரா, குச்சியா? பின்னல் துளை வழியா, ஒட்டிய தாளா? கால் கழன்றால் யார் வந்து பார்ப்பார்கள்? செய்தவர் யார், எந்த ஊர்? கட்டடக் கலைஞரின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறவர்கள் இந்த ஐந்துக்கும் ஐந்து வரி ஒதுக்கட்டும்.

கழன்ற நாற்காலியை ஆசாரி தன் பட்டறைக்கு எடுத்துப் போயிருக்கிறார். பழைய காலை வைத்துக் கூர் எடுக்க முடியாது, மரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். இடித்த வீடொன்றிலிருந்து வந்த பழைய தேக்கு உத்தரக் கட்டை அவரிடம் கிடந்தது. அதில் அளவெடுத்துக் கால், கைப்பிடி, சட்டம் எல்லாம் புதிதாகவே அறுத்துவிட்டார். நாற்காலியின் சாய்வையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். முதலில் இருந்தது வயசானவர்கள் எழுந்திருக்கத் தோதில்லை என்று அவருடைய அபிப்பிராயம், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இன்னும் பசை போடவில்லை. போடாமலே உட்கார்ந்து பார்த்தேன், ஆடவில்லை.

பிரம்புதான் பாக்கி. அரசு அலுவலகங்களில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. பார்வையற்றவர்களுக்கு அதைத் தொழிலாகவே கற்றுக் கொடுத்தார்கள். விரல்தான் அவர்களுக்குக் கண், அத்தனை சீராக இழுத்துக் கட்டுவார்கள். அலுவலகங்கள் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, செங்குன்றம் சுற்றுவட்டத்தில் பிரம்பு பின்னத் தெரிந்தவர் யாராவது இருந்தால் எங்கள் ஆசாரிக்குத் தகவல் சொல்லுங்கள். சட்டத்தில் துளை போட்டு வைத்திருக்கிறார். கூலி அவர்கள் சொல்வதுதான்.